கருவின் மூளைக்குத் தாய் தரும் கொழுப்பு: எது, எப்போது, எவ்வளவு

"மூளையில் 60 சதவீதம் கொழுப்பு" என்ற வாசகம் இல்லாத கர்ப்பகால உணவுக் குறிப்பைப் பார்ப்பது அரிது. அதைச் சொன்ன கையோடு ஏதாவது ஓர் எண்ணெயையோ மாத்திரையையோ பரிந்துரைத்துவிடுவார்கள். அந்த 60 என்பது, மூளையிலுள்ள தண்ணீரையெல்லாம் வற்றவைத்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்த்த தோராயக் கணக்கு. உயிருள்ள மூளையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். கொழுப்பு மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அந்தக் கொழுப்பும் இடுப்பிலும் வயிற்றிலும் சேர்கிற ரகம் கிடையாது. செல் சவ்வுகளைக் கட்டும் பாஸ்போலிப்பிடுகள், கொலஸ்ட்ரால், நரம்பிழையைச் சுற்றிய மயலின் உறையின் கொழுப்புகள், இவ்வளவுதான் அங்கே இருப்பது. எரிப்பதற்கென்று சேர்த்துவைத்த கொழுப்பு மூளையில் ஏறக்குறைய இல்லை.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் வருவதெல்லாம் குழம்பும். தாய் நிறையக் கொழுப்புச் சாப்பிட்டால் குழந்தையின் மூளைக்கு நல்லது என்ற முடிவுக்கும் போகலாம். கொழுப்பே ஆகாது என்ற முடிவுக்கும் போகலாம். இரண்டுமே தவறு. உண்மையில் இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. தாயிடமிருந்து மட்டுமே வரக்கூடிய ஒருசில கொழுப்பு அமிலங்கள் போதுமான அளவில், உரிய வாரங்களில் கருவை எட்டுகின்றனவா என்பது ஒன்று. தாயின் உணவில் மொத்தக் கொழுப்பு மிகுந்து, அவள் உடலின் சர்க்கரை, இன்சுலின், அழற்சி நிலையே மாறிவிட்டால் கருவின் மூளை எப்படி உருவாகும் என்பது மற்றொன்று. முதலாவது பற்றாக்குறைச் சிக்கல், இரண்டாவது மிகைச் சிக்கல். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது.

தாய் தந்தே ஆகவேண்டியவை எவை

உணவில் கொழுப்பை அறவே நீக்கினால் எலிகள் வளர்ச்சி குன்றி, தோல் செதிலாகி நோயுறுகின்றன என்று 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் காட்டினர். உடலால் தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் உண்டு என்ற கருத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்று அவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கிறோம். லினோலெயிக் அமிலத்தைத் தலையாகக் கொண்டது ஒமேகா-6. ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தைத் தலையாகக் கொண்டது ஒமேகா-3. இந்தத் தலைகள் இரண்டிலும் 18 கார்பன்கள்தான். மூளைக்கு நேரடியாக வேண்டியது இவற்றின் நீண்ட சங்கிலி வாரிசுகள்: ஒமேகா-6 பக்கத்தில் 20 கார்பன் கொண்ட அராக்கிடோனிக் அமிலம், ஒமேகா-3 பக்கத்தில் 22 கார்பனும் ஆறு இரட்டைப் பிணைப்பும் கொண்ட டி.எச்.ஏ.

மற்ற கொழுப்புகளுக்கு இந்தக் கவலை தேவையில்லை. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களையும் ஒலெயிக் அமிலத்தையும் கருவே தயாரித்துக்கொள்ளும். உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் கால் பங்கு அளவுக்கு மூளையில்தான் இருக்கிறது. ஆனால் இரத்தத்திலிருந்து எது மூளைக்குள் போகலாம் என்று கட்டுப்படுத்தும் இரத்த-மூளைத் தடுப்பு அமைந்தபிறகு மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை உள்ளேயே செய்துகொள்கிறது. தாய் நிறைய நெய்யோ வெண்ணெயோ தின்றால் குழந்தையின் மயலின் தடிக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே.

டி.எச்.ஏ. அப்படி என்னதான் செய்கிறது? அதன் ஆறு இரட்டைப் பிணைப்புகளால் சங்கிலி விறைப்பாக நிற்காமல் நொடிக்கு நொடி வளைந்து நெளிகிறது. அப்படிப்பட்ட சங்கிலிகள் நிறைந்த சவ்வில் புரதங்கள் வேகமாக வடிவம் மாறலாம். விழித்திரையின் ஒளியுணர் செல்கள் இதற்கு நல்ல சாட்சி: அவற்றின் வெளிப்பகுதிச் சவ்வுகளில் உள்ள கொழுப்பு அமிலங்களில் பாதிவரை டி.எச்.ஏ.தான். ஒளி பட்டதும் ரொடாப்சின் புரதம் மடக்கென்று உருமாற வேண்டும். சவ்வு இளகியிருந்தால்தான் அது நடக்கும். நரம்பிழையின் வளர்முனையிலும், நரம்பு செல்கள் இணையும் இடமான சினாப்ஸின் சவ்விலும் இதே தேவை. இதுபோக, டி.எச்.ஏ.யிலிருந்து பிரிந்து உண்டாகும் சிறு மூலக்கூறுகள் அழற்சியைத் தணிக்கும், நரம்புக் கிளைகள் படர்வதைத் தூண்டும் செய்திகளாகவும் வேலை செய்கின்றன.

வாரக் கணக்கு

நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். அந்தக் கட்டத்தில் பேசப்பட வேண்டியது ஃபோலிக் அமிலம். கொழுப்பின் பங்கு சிறிது. நரம்பு செல்களில் பெரும்பகுதி கர்ப்பத்தின் நடுப்பகுதிக்குள் பிறந்து, தத்தம் இடத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. அதன்பின் செல்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் பரப்பு பெருகுவதுதான் முக்கியம்: கிளைகள், இணைப்புகள், உறைகள். பரப்பு என்றாலே சவ்வு. சவ்வு என்றாலே கொழுப்பு. அதனால்தான் டி.எச்.ஏ. தேவை கடைசி மூன்று மாதங்களில் திடீரென ஏறுகிறது. அந்நாட்களில் கரு முழுவதுமாகத் தினமும் ஏறக்குறைய 50 முதல் 70 மில்லிகிராம் ஒமேகா-3 சேர்த்துக்கொள்கிறது. பிறக்கும்போது மூளை 350 முதல் 400 கிராம். இரண்டு வயதில் வயதுவந்தோர் மூளையின் ஐந்தில் நான்கு பங்கை நெருங்கிவிடும். ஆக இந்தக் கதையில் பாதி கருப்பையிலும் பாதி தாய்ப்பாலிலும் நடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: முழு வளர்ச்சியடைந்த மனித மூளை தினமும் புதிதாக எடுத்துக்கொள்ளும் டி.எச்.ஏ. சுமார் 4 மில்லிகிராம்தான். வளர்ந்தவர் சில மாதம் ஒமேகா-3 குறைவாகச் சாப்பிட்டால் மூளையில் பெரிய மாற்றம் தெரியாததற்கும், கரு அப்படித் தாக்குப்பிடிக்க முடியாததற்கும் காரணம் இந்த வித்தியாசம்.

தாயின் இரத்தத்திலிருந்து மூளை வரை

வழியில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. மூன்றிலும் தடைபட வாய்ப்பு உண்டு.

முதல் வாசல் தாயின் கல்லீரல். 18 கார்பன் அமிலங்களை நீட்டி டி.எச்.ஏ.யாகவும் அராக்கிடோனிக் அமிலமாகவும் மாற்றும் வேலை முக்கியமாக அங்கே நடக்கிறது. ஒமேகா-3, ஒமேகா-6 இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே நொதி வரிசைதான். அதில் தொடக்கத்திலேயே வரும் டெல்டா-6 டிசாச்சுரேஸ் நொதியில் கூட்டம் நெரிகிறது. லினோலெயிக் அமிலம் மலையாகக் குவிந்திருந்தால் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்துக்கு முறை வருவதே அரிது. ஆண்களில் டி.எச்.ஏ. வரை போய்ச் சேர்வது 1 சதவீதத்தைத் தொடுவதே கடினம். பெண்களில் ஈஸ்ட்ரஜன் தயவால் சற்று மேல். இந்த நொதிகளுக்கான ஃபேட்ஸ் மரபணுக்களில் சில வகைகளைக் கொண்ட பெண்களுக்கு அந்தச் சலுகையும் குறையும்.

இங்கேதான் சமையல் எண்ணெய் முக்கியமாகிறது. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல், ஆல்ஃபா லினோலெனிக் ஏறக்குறைய பூஜ்யம். சோயா எண்ணெயில் முன்னது 50 சதவீதத்தைத் தாண்டும், பின்னது சுமார் 7. கனோலாவில் பின்னது 9 அல்லது 10 சதவீதம். ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கும் மேல். சூரியகாந்தி மட்டுமே பயன்படுத்தி, மீனும் தொடாத வீட்டில் தாயின் ஒமேகா-3 வரவு இரு பக்கமும் அடைபட்டுவிடும்.

சரி, ஆளிவிதை எண்ணெயைக் குடித்துவிட்டால் போதுமா? போதாது. பாலூட்டும் தாய்மாருக்குத் தினமும் 20 கிராம் ஆளிவிதை எண்ணெய் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு உண்டு. பாலில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் பலமடங்கு ஏறியது, டி.எச்.ஏ. அசையவில்லை. எனவே தாவர ஒமேகா-3ஐ உணவில் கூட்டுவது நல்லதே என்றாலும், அதை டி.எச்.ஏ.க்கு மாற்றாக எண்ணக்கூடாது. மீன் சாப்பிடாதவர்களுக்கு நேரடி வழி நுண்பாசி எண்ணெய். மீனுக்கே டி.எச்.ஏ. வருவது அந்தப் பாசிகளிலிருந்துதான். நடுவில் இருக்கும் மீனைத் தவிர்த்துவிட்டு மூலத்துக்கே போகிறோம், அவ்வளவே.

இரண்டாவது வாசல் நஞ்சுக்கொடி. இது வடிகட்டியைவிடக் கெட்டிக்காரத்தனமானது. தாயின் இரத்தக் கொழுப்பை நொதிகளால் உடைத்து, கொழுப்பு அமிலங்களைக் கடத்தும் புரதங்கள் மூலம் தேர்ந்தெடுத்து உள்ளே அனுப்புகிறது. விளைவு: தொப்புள்கொடி இரத்தத்தின் கொழுப்பு அமிலங்களில் டி.எச்.ஏ.யும் அராக்கிடோனிக் அமிலமும் தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிக விகிதத்தில் இருக்கும். தாய்க்குக் குறைந்தாலும் கருவுக்கு எடுத்து வைக்கிற ஏற்பாடு இது. அந்தச் செலவு தாயின் கணக்கில் ஏறுகிறது; இடைவெளியின்றி அடுத்தடுத்துக் கருத்தரிக்கும் பெண்களிடமும், இரட்டையரைச் சுமப்பவர்களிடமும் டி.எச்.ஏ. இருப்பு கரைந்து காணப்படுவது இதனால்தான். கர்ப்பகால நீரிழிவு இந்த வாசலைக் குறுக்குகிறது. தாயின் இரத்தத்தில் டி.எச்.ஏ. போதுமான அளவு இருந்தும் தொப்புள்கொடி இரத்தத்தில் குறைந்து தெரிவது அத்தகைய கர்ப்பங்களில் காணக்கூடியது.

மூன்றாவது வாசல் இரத்த-மூளைத் தடுப்பு. எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற புரதம், லைசோபாஸ்ஃபாடிடைல்கோலின் என்னும் கொழுப்போடு இணைந்த டி.எச்.ஏ.யை மூளைக்குள் கடத்துகிறது என்று 2014இல் சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளிக் குழு கண்டறிந்தது. அடுத்த ஆண்டே, இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதான குழந்தைகள் மிகச் சிறிய தலையோடு பிறப்பது தெரியவந்தது. டி.எச்.ஏ. மூளைக்கு ஓர் அலங்காரச் சேர்மானம் என்று கருதியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

இந்தக் கடத்தலில் கோலின் என்ற சத்தும் துணைக்கு வருகிறது, டி.எச்.ஏ. ஏறிப்போகும் வண்டியில் ஒரு பாகம் அது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 450 மி.கி., பாலூட்டுபவருக்கு 550 மி.கி. என்பது அமெரிக்க அளவுகோல். ஒரு பெரிய முட்டையில் கிட்டத்தட்ட 150 மி.கி. இருக்கிறது, அது முழுக்க மஞ்சள் கருவில்தான். கர்ப்பகாலச் சத்து மாத்திரைகள் பலவற்றில் கோலின் இருப்பதே இல்லை.

விலங்குகள் சொன்னவை

1980களில் மார்த்தா நியூரிங்கர், வில்லியம் கானர் குழுவினர் ரீசஸ் குரங்குகளுக்குக் கர்ப்பகாலம் தொட்டே ஒமேகா-3 இல்லாத தீவனம் கொடுத்தனர். குட்டிகளின் பார்வைக் கூர்மை குறைந்தது, விழித்திரையின் மின் துலங்கல் மாறியது, மூளையில் டி.எச்.ஏ. சரிந்தது. அந்த வெற்றிடத்தை மூளை சும்மா விடவில்லை. ஒமேகா-6 குடும்பத்திலிருந்து 22 கார்பனும் ஐந்து இரட்டைப் பிணைப்பும் கொண்ட அமிலத்தைத் தயாரித்து அந்த இடத்தில் பொருத்திக்கொண்டது. எலிகளிலும் இதே காட்சிதான். ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புதான் குறைவு; ஆனாலும் வேலை அதேபோல் நடப்பதில்லை.

ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு கோணம். கர்ப்பிணிச் சுண்டெலிகளுக்கு ஒமேகா-6 மிகுந்த, ஒமேகா-3 குறைந்த தீவனம் தரப்பட்டது. கருவின் பெருமூளைப் புறணியில் நரம்புத் தண்டு செல்கள் தம் வயதுக்கு முந்தியே முதிர்ந்தன. நரம்பு செல்களை உண்டாக்க வேண்டிய காலம் சுருங்கி, துணைச் செல்களை உண்டாக்கும் கட்டத்துக்கு அவசரமாகத் தாவின. இந்த இரண்டு குடும்பங்களிலிருந்தும் பிறக்கும் எபாக்சி வகைச் சேர்மங்களின் சமநிலை குலைந்ததே காரணம் என்று அக்குழு காட்டியது. குட்டிகள் பிறந்தபின் சரியான தீவனம் சாப்பிட்டு வளர்ந்தும், பெரியதானபோது பதற்றம் மிகுந்தே நடந்துகொண்டன. ஒமேகா-6 மிகுந்து ஒமேகா-3 குறையும் ஏற்றத்தாழ்வால் வரும் சேதத்தை, சுண்டெலிகளிலாவது, பின்னாளில் முழுமையாகச் சரிக்கட்ட முடியாமல் போகலாம் என்பதற்கு இது ஒரு சான்று. இரண்டும் சேர்ந்தே மாற்றப்பட்டதால், ஒமேகா-3 குறைவின் பங்கை மட்டும் இதில் தனியாகப் பிரிக்க முடியாது.

ஆனால் இவற்றைப் படிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். இந்தத் தீவனங்கள் வேண்டுமென்றே ஒரு கோடிக்குத் தள்ளப்பட்டவை. அவ்வளவு கடுமையான பற்றாக்குறையை மனிதத் தாய்மாரிடம் காண்பது அபூர்வம். மனித ஆய்வுகளுக்கு வரும்போது படம் மங்குவதற்கு இதுவே முதல் காரணம்.

மனித ஆய்வுகள் ஏன் தயங்குகின்றன

நார்வேயில் ஒரு குழு கர்ப்பிணிகளுக்குத் தினமும் 10 மில்லி காட் மீன் ஈரல் எண்ணெயோ மக்காச்சோள எண்ணெயோ கொடுத்தது. நான்கு வயதில் முதல் பிரிவுக் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் 106, மற்றவர்களுடையது 102. 2003இல் இது வெளிவந்தபோது பெரும் உற்சாகம் கிளம்பியது. அதே குழந்தைகளை ஏழு வயதில் மீண்டும் சோதித்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. உற்சாகத்தைப் பரப்பியவர்கள் இந்த இரண்டாம் பகுதியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஆஸ்திரேலியாவின் டொமினோ ஆய்வு இன்னும் பெரியது: 2,399 பெண்கள், கர்ப்பத்தின் பின்பாதியில் நாளொன்றுக்கு 800 மி.கி. டி.எச்.ஏ. 2010இல் வந்த முடிவின்படி 18 மாதத்தில் அறிவுத்திறனிலும் மொழியிலும் சராசரி வித்தியாசம் இல்லை. பெண் குழந்தைகளின் மொழி மதிப்பெண் டி.எச்.ஏ. பிரிவில் சற்றுக் குறைந்தே இருந்தது. நான்கு, ஏழு வயதுகளிலும் நன்மை தென்படவில்லை.

அப்படியானால் உயிர்வேதியியல் பொய்யா? இல்லை. ஆய்வு வடிவத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நஞ்சுக்கொடி ஏற்கெனவே கருவுக்கு முன்னுரிமை கொடுத்துவிடுகிறது. ஆய்வில் சேர்ந்த பெண்களில் பலருக்குக் குறைபாடே இல்லை. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். மாத்திரை தொடங்குவது பெரும்பாலும் 20ஆம் வாரத்தை ஒட்டி. இரத்தச் செல்களில் அதன் அளவு உச்சத்துக்கு வந்து நிலைபெறவே மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அளக்கும் கருவியும் முரடானது. ஒன்றரை வயதுக் குழந்தையிடம் நடத்தும் பொதுத் தேர்வு, கவனத்திலோ பார்வைச் செயலாக்கத்திலோ ஏற்பட்ட சிறு மாற்றத்தைப் பிடிக்காது.

மீன் சாப்பிடும் தாய்மாரைப் பின்தொடர்ந்த கண்காணிப்பு ஆய்வுகளில் முடிவு வேறாக வருகிறது. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 11,875 கர்ப்பிணிகளை ஆராய்ந்த கட்டுரை, வாரம் 340 கிராமுக்குக் குறைவாகக் கடல் உணவு உண்டவர்களின் குழந்தைகள் எட்டு வயதில் மொழித்திறனில் பின்தங்க வாய்ப்பு கூடுதல் என்று 2007இல் சொன்னது. ஆனால் மீன் என்பது டி.எச்.ஏ. மட்டுமில்லை, அயோடின், செலினியம், வைட்டமின் டி, நல்ல புரதம் எல்லாம் அதில் உண்டு. மீன் வாங்கிச் சாப்பிடும் குடும்பத்தின் வருமானமும் படிப்பும்கூட அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். புள்ளியியல் முறையில் அவற்றைக் கழித்தாலும் முழுக்கக் கழிந்துவிடாது.

மாத்திரையின் தெளிவான பயன் வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. 70 ஆய்வுகளையும் ஏறக்குறைய 20,000 பெண்களையும் தொகுத்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பீட்டின்படி, ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 34 வாரத்துக்கு முந்திய பிரசவம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7ஆகக் குறைந்தது. மூளையைப் பொறுத்தவரை இதன் பொருள் பெரிது. கடைசி மூன்று மாதச் சேர்மானத்தை முழுதாகப் பெறக் கருப்பையில் நீடித்திருப்பதைப்போல வேறு வழியில்லை. மறுபக்கம், 42 வாரத்தைத் தாண்டும் கர்ப்பங்கள் சற்றுக் கூடின. 2019இல் வந்த 5,500க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆஸ்திரேலிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தபோது பயன் இல்லை. பிறகு இரத்த அளவுப்படி பிரித்துப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. இரத்தத்தின் மொத்தக் கொழுப்பு அமிலங்களில் ஒமேகா-3 4.1 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த பெண்களிடம், மிக முன்கூட்டிய பிரசவம் மாத்திரையால் 3.2இலிருந்து 0.7 சதவீதமாகச் சரிந்தது. 4.9க்கு மேல் இருந்தவர்களிடமோ அது 1.0இலிருந்து 2.2ஆக ஏறியது. குறைந்தவருக்கு மருந்து, நிறைந்தவருக்குத் தொல்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று அதிக அளவை எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கும் பழக்கத்தை இந்த எண்கள் கேள்விக்குள்ளாக்குகின்றன.

மிகையின் பக்கம்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கொழுப்பு மிகுந்த தீவனம் தின்ற விலங்குத் தாய்களின் குட்டிகளிடம் பசியை ஆளும் ஹைப்போதாலமஸ் வேறுவிதமாகப் பின்னப்படுகிறது. ஜெர்மனியில் நடந்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், பாலூட்டும் காலத்தில் மட்டும் தாய்ச் சுண்டெலிக்கு அத்தீவனம் கொடுத்ததே போதுமாயிருந்தது. நிறைவுணர்வைச் சொல்லும் நரம்பிழைகள் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சரியாகப் படரவில்லை. சுண்டெலியின் பாலூட்டும் காலத்து ஹைப்போதாலமஸ் வளர்ச்சி மனிதக் கருவின் கடைசி மூன்று மாதத்தோடு ஒப்பிடத்தக்கது என்பதால் இதை லேசாக ஒதுக்க முடியாது. ஜப்பானிய மக்காக் குரங்குகளில் குட்டிகளின் செரோடோனின் அமைப்பு மாறி, பதற்றம் கூடியது. 2016இல் ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரிக் குழு, அத்தகைய தாய்க்குப் பிறந்த சுண்டெலிக் குட்டிகள் மற்றவற்றோடு பழகாமல் ஒதுங்குவதையும், அவற்றின் குடலில் லாக்டோபாசில்லஸ் ராய்டெரி என்ற நுண்ணுயிர் குன்றியிருந்ததையும் கண்டது. அந்த நுண்ணுயிரைத் திரும்பக் கொடுத்ததும் பழகும் தன்மை மீண்டது. இங்கே கொழுப்பு நேரடியாக மூளையைத் தொடவில்லை. குடல் வழியாகச் சுற்றிவந்து தொட்டது.

எச்சரிக்கை ஒன்று: சோதனைச்சாலையின் கொழுப்புத் தீவனத்தில் பெரும்பாலும் 45 அல்லது 60 சதவீத ஆற்றல் கொழுப்பிலிருந்து வருகிறது. கர்ப்பிணிக்கு உலக உணவு வேளாண் அமைப்பு சொல்வது 20 முதல் 35 சதவீதம். தவிர, அந்தச் சுண்டெலிகள் பருத்து, சர்க்கரையும் ஏறிப்போனவை; குட்டிகளின் மாற்றத்துக்குக் கொழுப்பு காரணமா, பருமன் காரணமா என்று பிரிப்பது எளிதன்று. மனிதர்களிலும் தாயின் பருமனும் நீரிழிவும்தான் தெளிவாக அளக்கக்கூடிய ஆபத்துகள்.

டிரான்ஸ் கொழுப்பில் அப்படி ஐயம் கொள்ள அதிக இடமில்லை. பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயிலிருந்து வரும் இது நஞ்சுக்கொடியையும் தாண்டும், பாலிலும் இறங்கும். சிசுவின் இரத்தத்தில் இது மிகும்போது நீண்ட சங்கிலி அமிலங்கள் குறைந்து காணப்படுகின்றன. மொத்த ஆற்றலில் 1 சதவீதத்துக்குக் கீழ், அதாவது 2,000 கலோரி உணவில் 2.2 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கர்ப்பிணிக்குப் பூஜ்யமே சரி. இதனால் இழப்பது ஒன்றுமில்லை.

அளவும் லேபிளும்

உலக உணவு வேளாண் அமைப்பின் நிபுணர் குழு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளொன்றுக்கு இ.பி.ஏ.யும் (ஒமேகா-3 குடும்பத்தின் இன்னொரு நீண்ட சங்கிலி அமிலம்) டி.எச்.ஏ.யும் சேர்ந்து 300 மி.கி., அதில் டி.எச்.ஏ. குறைந்தது 200 மி.கி. என்று வரையறுத்தது. அதே குழு ஒமேகா-6:ஒமேகா-3 விகிதம் என்று எதையும் பரிந்துரைக்கவில்லை. தனித்தனி அளவுகள் சரியாக இருந்தால் விகிதத்தைத் துரத்த வேண்டாம் என்பது அதன் நிலை. ஒமேகா-6ஐ முற்றாக வெட்டுவதும் தவறுதான். அராக்கிடோனிக் அமிலமும் மூளைக்கு வேண்டும்.

200 மி.கி.யை உணவில் எட்டுவது கடினமில்லை. மத்தி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மீன் 100 கிராமில் அரை கிராம் டி.எச்.ஏ. தேறும். வாரத்தில் இருமுறை 150 கிராம் வீதம் உண்டால் 1,500 மி.கி.; ஏழால் வகுத்தால் நாளுக்கு 210ஐத் தாண்டும். சுறா, வாள்மீன், பெருங்கண் சூரை போன்ற நீண்டநாள் வாழும் பெரிய வேட்டை மீன்களைத் தவிர்க்க வேண்டும், பாதரசம் அவற்றில் சேர்ந்திருக்கும். பாதரசம் சதையின் புரதத்தில் ஒட்டியிருப்பது, கொழுப்பில் இல்லை. ஆகவே தோலையும் கொழுப்பையும் நீக்கிச் சமைத்தால் அது குறையாது, டி.எச்.ஏ.தான் வீணாகும்.

மாத்திரை வாங்கும்போது முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பக்கூடாது. "மீன் எண்ணெய் 1,000 மி.கி." என்பது எண்ணெயின் எடை. சாதாரண வகையில் அதற்குள் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மி.கி.தான் இருக்கும், 200ஐ எட்ட இரண்டு விழுங்க வேண்டும். பின்பக்கத்தில் டி.எச்.ஏ. என்று தனியாக எண் போடாத புட்டியைத் திரும்ப வைத்துவிடலாம். மீன் ஈரல் எண்ணெயும் மீன் எண்ணெயும் ஒன்றல்ல. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி. கர்ப்பத்தில் உருவான நிலையிலுள்ள வைட்டமின் ஏ நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டினால் கருவின் உறுப்பமைப்பே பிழையாகலாம்.

கெட்டுப்போன எண்ணெய் இன்னொரு பொறி. டி.எச்.ஏ.யை நெகிழவைக்கும் அதே ஆறு இரட்டைப் பிணைப்புகள்தான் ஆக்ஸிஜனுக்கு எளிதில் இரையாகின்றன. ஆக்ஸிஜனேற்றம் முற்றிய மீன் எண்ணெயைக் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்தபோது பிறந்த குட்டிகளின் இறப்பு கூடியதை நியூசிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. எண்ணெய் எவ்வளவு ஆக்ஸிஜனேறியிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு எண் நல்ல எண்ணெயில் 5க்குள் இருக்கவேண்டும். வீட்டில் அதை அளக்க முடியாது. ஒரு மாத்திரையைக் கடித்துப் பார்த்தால் போதும், காறல் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். எலுமிச்சை மணம் ஊட்டியவற்றில் இந்தச் சோதனையும் பலிக்காது. ஆளிவிதை எண்ணெயைத் தாளிக்கவோ பொரிக்கவோ பயன்படுத்துவது இதே தவற்றின் சமையலறை வடிவம்.

பாலின் கணக்கு

தாய்ப்பாலில் அராக்கிடோனிக் அமிலம் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது, கொழுப்பு அமிலங்களில் சராசரி 0.47 சதவீதம். டி.எச்.ஏ. அப்படியில்லை; சராசரி 0.32 என்றாலும் 0.06இலிருந்து 1.4 வரை தாயின் உணவைப் பொறுத்து ஊசலாடுகிறது. மீன் சாப்பிட்ட மறுநாளே பாலில் அது ஏறிவிடும். நாளுக்கு 750 மில்லி பால் குடிக்கும் குழந்தைக்கு அதில் 28 கிராம் கொழுப்பு என்று கொண்டால், சராசரித் தாயிடமிருந்து 90 மி.கி. டி.எச்.ஏ. கிடைக்கும், 0.1 சதவீதம் உள்ள பாலிலிருந்து 28 மி.கி.தான். புகைபிடிக்கும் தாயின் பாலில் இது மேலும் குறையும்.

குறைப்பிரசவத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. ஒரு கிலோ எடையுள்ள சிசு நாளுக்கு 150 மில்லி பால் குடித்தால் கிடைப்பது ஐந்து கிராம் சொச்சம் கொழுப்பு, அதில் 17 மி.கி. டி.எச்.ஏ. கருப்பையில் இருந்திருந்தால் கிலோவுக்கு 40 முதல் 60 மி.கி. சேர்ந்திருக்கும். 29 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு கிலோவுக்கு 60 மி.கி. வீதம் டி.எச்.ஏ.யைக் குழாய் வழியாக நேரடியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் நோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய அந்த ஆய்வில் அது நடக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் ஐந்து வயதான பிறகு அறிவுத்திறன் மதிப்பெண்ணை எடுத்தபோது, டி.எச்.ஏ. பெற்றவர்களுக்கு 95.4, பெறாதவர்களுக்கு 91.9. 2022இல் வெளியான இந்த மூன்றரைப் புள்ளி வித்தியாசம், பற்றாக்குறை நிச்சயமாக இருந்த குழந்தைகளிடம் கிடைத்தது.